எல்டர்பெரியும் கரகரத்த தொண்டையும்: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே செடியைப் பற்றிக் கேட்கின்றன. மூன்று கடிதங்கள் குளிர் நாடுகளிலிருந்து வந்தவை; இரண்டு, அந்நாடுகளிலிருந்து வந்த பார்சலைப் பிரித்துப் பார்த்தவர்களும் இணையத்தில் வாங்கியவர்களும் எழுதியவை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் எல்டருக்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஜெர்மனியில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறோம். தொண்டை நோவு வந்தால் மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) அவித்துக் குடிப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். சென்ற வாரம் குரலே எழும்பாமல் நான் படுத்திருந்தபோது, கீழ் வீட்டு ஜெர்மன் மூதாட்டி "ஹோலுண்டர்" என்று சொல்லி, ஒரு போத்தல் கருஞ்சிவப்புச் சாறு தந்து, சுடவைத்துத் தேன் விட்டுக் குடிக்கச் சொன்னார். குடித்ததும் தொண்டைக்கு நல்ல இதமாக இருந்தது. இது மருந்தா, வெறும் பழச்சாறா?
வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: உங்கள் கீழ் வீட்டுக்காரர் தந்தது, அவருடைய பாட்டி அவருக்குத் தந்திருக்கக்கூடிய அதே சாறுதான். ஆங்கிலத்தில் எல்டர் என்றும் ஜெர்மனில் ஹோலுண்டர் என்றும் அழைக்கப்படும் இந்தச் செடிக்குத் தாவரவியல் பெயர் சம்புக்கஸ் நைக்ரா. ஐரோப்பா முழுவதும் வேலியோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் தானாக முளைத்து, ஒரு சிறு மரமாகவே வளர்ந்துவிடும். மே, ஜூன் மாதங்களில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான, வெண்ணெய் நிறப் பூங்கொத்துகள் பூக்கும். ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும்போது அவையே மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பழங்களாகித் தலைகீழாகத் தொங்கும். இதை நாவல் என்றோ களா என்றோ எண்ணிக்கொள்ள வேண்டாம். இரண்டுக்கும் இதற்கும் உறவு இல்லை. தமிழில் பெயரும் இல்லை.

மருந்தா, சாறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஐரோப்பிய மருந்துக்கடைகளில் இது நெடுங்காலம் மருந்தாகவே இருந்தது. பழச்சாற்றைச் சுண்டக் காய்ச்சித் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, "ரோப்" என்ற பெயரில் ஜாடிகளில் வைத்திருந்தார்கள்; இரவு படுக்கும் முன் ஒரு கரண்டியை வெந்நீரில் கலக்கிக் குடித்து, போர்த்திக்கொண்டு வியர்ப்பது வழக்கம். ரோப் என்ற அந்தச் சொல் அரபு மருத்துவத்திலிருந்து போனது. நம் ஊர் யுனானி மருந்துக்கடைகளில் இன்றும் "ருப்" என்று தொடங்கும் மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்று, தொண்டைக்கென்றே கொடுக்கப்படும் அதிமதுரச் சாரம். சொல் ஒன்றுதான், செடிதான் வேறு.

இன்றைய நிலையில், எல்டரின் பூவையும் பழத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஐரோப்பிய மருந்து முகமை, உலர்ந்த பூவை, சளி தொடங்கும்போது காணும் அறிகுறிகளுக்கான மரபு மருந்து என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. மரபு மருந்து என்பதற்கு, நீண்ட காலமாகப் பயன்பாட்டில் இருக்கிறது, பெரிய கேடு தெரியவில்லை என்பதே பொருள். ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்பது பொருளன்று. பழத்தை எடுத்துக்கொண்ட அதே முகமை, கிடைத்த தரவுகள் போதவில்லை என்று 2014ஆம் ஆண்டில் அறிவித்து, அந்த மரபுத் தகுதியைக்கூடத் தராமல் விட்டுவிட்டது. கடைகளில் இன்று கொடிகட்டிப் பறப்பதோ பழம்தான். பூவை விசாரிப்பார் குறைவு.

அப்படியானால் உங்கள் தொண்டைக்கு இதம் கிடைத்தது எப்படி? சூடான திரவம் வீங்கிய தொண்டைச் சவ்வை நனைத்தது. புளிப்பு உமிழ்நீரை ஊறவைத்தது. தேன் மேலே ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்து எரிச்சலையும் இருமலையும் அடக்கியது. அந்தச் சாற்றில் துவர்ப்பும் உண்டு, அதுவும் சற்று உதவியிருக்கலாம். உங்கள் மல்லி, வேர்க்கொம்புக் கஷாயமும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டில் எதைக் குடித்தாலும் சாதாரணத் தொண்டை நோவு, பெரும்பாலும் வைரசால் வருவது என்பதால், ஒரு வாரத்துக்குள் தானே இறங்கிவிடும். எனவே இதமான பானம் என்ற அளவில் தாராளமாகக் குடியுங்கள். சாற்றைக் காய்ச்சித்தான் போத்தலில் அடைத்தாரா என்பதை மட்டும் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தை மூன்றாவது பதிலில் எழுதியிருக்கிறேன். வட ஜெர்மனிக்குப் போகும் வாய்ப்பு வந்தால், ஆப்பிள் துண்டும் ரவை உருண்டையும் போட்டு இதே பழத்தில் வைக்கும் சூடான சூப்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். அங்கே அதற்கு ஃப்ளீடர்பெரி சூப் என்று பெயர். இனிப்புச் சூப்பா என்று முதலில் முகம் சுளித்தவன்தான் நானும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகள், எல்டர்பெரி சிரப் இரண்டு பாட்டிலும் கம்மி மிட்டாய் ஒரு டப்பாவும் அனுப்பியிருக்கிறாள். "நோய் எதிர்ப்புச் சக்தி" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. என் கணவருக்கு அடிக்கடி தொண்டை கட்டிக்கொள்ளும். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட என் நாத்தனாரும் தனக்கு ஒரு பாட்டில் வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நாத்தனாருக்குக் கொடுக்காதீர்கள் அம்மா. மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் அந்நியமாக எண்ணித் தாக்கிவிடாதபடி, அவருடைய எதிர்ப்புச் சக்தியை மருந்து கொடுத்து அடக்கி வைத்திருக்கிறார்கள். ஆய்வகத்தில் எல்டர்பெரிச் சாரம், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் வேதிப்பொருள்களின் சுரப்பைக் கூட்டியிருக்கிறது. ஒரு கையால் அடக்கிக்கொண்டே மறு கையால் தூண்டிவிடுவது எதற்கு? முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு அதே வகை மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை, பாட்டிலின் முன்பக்கத்தைப் படிப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சிரப் என்றாலே பாகு. கம்மி மிட்டாய் என்பது பெயரிலேயே மிட்டாய். ஒரு வேளை அளவில் எத்தனை கிராம் சர்க்கரை என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நாளைக்கு நான்கு வேளை என்று பெருக்கிப் பாருங்கள். அந்தக் கணக்கைப் போட்டபின் நீங்களே அவரிடமிருந்து பாட்டிலை ஒளித்து வைத்துவிடுவீர்கள். தொண்டை கட்டிக்கொண்டால், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அண்ணாந்து நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். இதில் சர்க்கரையும் இல்லை, செலவும் இல்லை.

எதிர்ப்புச் சக்தி என்ற அச்செழுத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2004இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஃப்ளூ கண்ட 60 பேரில் ஒரு பகுதியினருக்கு 15 மில்லி சிரப்பை நாளைக்கு நான்கு வேளையாக ஐந்து நாள் கொடுத்தபோது, மற்றவர்களைவிடச் சராசரியாக நான்கு நாள் முன்னதாகவே அவர்கள் தேறினார்கள். இன்று விற்கும் பாட்டில்களின் விளம்பரம் பெரும்பாலும் இதை வைத்துத்தான் ஓடுகிறது. ஆனால் 2020இல் அமெரிக்காவில் ஃப்ளூ உறுதியான 87 பேரிடம் நடத்திய ஆய்வில், எல்டர்பெரி சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் நோய் தீர்ந்த காலத்தில் வேறுபாடு தென்படவில்லை. இடையில் 2016இல், ஆஸ்திரேலியாவிலிருந்து விமானத்தில் நெடுந்தூரம் பறந்த 312 பயணிகளைக் கவனித்தார்கள். சளி பிடித்தவர்களின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை, பிடித்த சளி நீடித்த நாள்கள் மட்டும் குறைந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சளியின் நாள்களைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்ற அளவில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. இவற்றில் எதுவும் தொண்டை வலியை மட்டும் தனியே எடுத்து அளக்க நடத்தப்பட்டதன்று என்பதையும் நினைவில் வையுங்கள். கொரோனா காலத்தில் எல்டர்பெரி அந்நோயைத் தடுக்கும் என்று விற்றவர்களுக்கு அமெரிக்க அரசு எச்சரிக்கைக் கடிதங்கள் அனுப்ப நேர்ந்தது.

இன்னொரு செய்தி உங்களுக்குச் சுவையாக இருக்கும். தேவை பெருகியதும் கலப்படமும் வந்துவிட்டது. எல்டர்பெரிப் பொடி என்ற பெயரில் விற்பதில் சிலவற்றைச் சோதித்தபோது, உள்ளே இருந்தது கறுப்பரிசிச் சாரம்! நம் செட்டிநாட்டுக் கறுப்புக் கவுனிக்கு அந்த நிறத்தைத் தருவதும், எல்டர் பழத்துக்கு அந்த நிறத்தைத் தருவதும் ஆந்தோசயனின் என்ற ஒரே குடும்பத்துச் சாயங்கள். கண்ணுக்குப் பிடிபடாது, ஆய்வகத்தில்தான் பிடிபடும். இதில் ஒரு பழைய கணக்கும் தீர்ந்திருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கலில், வெளிறிய திராட்சை மதுவுக்கு நிறம் ஏற்ற எல்டர் பழச்சாற்றைத்தான் கள்ளத்தனமாகக் கலந்தார்கள். அது எல்லை மீறிப்போய், டோரோ ஆற்றுப் பகுதியில் இருந்த எல்டர் மரங்களை வேரோடு பிடுங்கும்படி அமைச்சர் பொம்பால் உத்தரவிட வேண்டியதாயிற்று. அன்று கலப்படச் சரக்காக இருந்ததற்கு இன்று கவுனியைக் கலக்கிறார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓடைக்கரையில் எல்டர்பெரி கொத்துக் கொத்தாகப் பழுத்துக் கிடக்கிறது. கடையில் இதன் சிரப் கொள்ளை விலை. பறித்துப் பச்சையாகவே சாறு எடுத்தால் சத்து வீணாகாது அல்லவா? இலையையும் சேர்த்து அரைக்கலாமா?
வாசகர், டொராண்டோ

பதில்: கூடாது. இலையைச் சேர்க்கவே கூடாது. பச்சையாகக் குடிக்கவும் கூடாது.

எல்டரின் இலை, பட்டை, வேர், காய், விதை ஆகியவற்றில் சம்புநிக்ரின் என்ற பொருள் இருக்கிறது. நம் ஊரில் மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னாதே என்று பெரியவர்கள் ஏன் தடுக்கிறார்களோ, அதே காரணம்தான் இங்கேயும்: நசுக்கினால் சயனைடு வெளிப்படும். பழுத்த பழத்தின் சதையில் இது குறைவு என்றாலும் விதையோடு பச்சையாக அரைத்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

1983ஆம் ஆண்டு ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மாண்டெரே பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். ஆன்மிகக் கூட்டம் ஒன்றுக்கு 25 பேர் கூடியிருந்தார்கள். அதற்கு முன்பே, அங்கே காட்டில் விளைந்த எல்டர்பெரியைப் பறித்து, இலையும் கிளையுமாகச் சேர்த்து இயந்திரத்தில் பிழிந்து, ஆப்பிள் சாறும் சர்க்கரையும் கலந்து வைத்திருந்தார்கள். குடித்த கால் மணி நேரத்துக்குள் 11 பேருக்குக் குமட்டலும் வாந்தியும் தொடங்கிவிட்டன; எட்டுப் பேரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து தம்ளர் குடித்திருந்தவர் நினைவு மங்கிய நிலையில் இருந்தார். நல்லவேளையாக எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். இயற்கையானது, சத்து வீணாகாது என்று நீங்கள் இப்போது எண்ணுவதைப் போலத்தான் அவர்களும் எண்ணியிருப்பார்கள்.

அடுத்தது, நீங்கள் கண்டது எல்டர்தானா என்பது. கனடாவில் வளரும் எல்டருக்கும் கறுத்த பழம்தான். சிவப்பாகவே பழுக்கும் இன்னொரு இனமும் அங்கே உண்டு, அதன் பக்கம் போகாதீர்கள். எல்டரின் இலைகள் தண்டில் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும். முற்றிய தண்டு மரத்தன்மையோடு இருக்கும். ஒரு குச்சியை ஒடித்தால் நடுவில் வெள்ளை வெளேரென்று நெட்டி தெரியும். (பள்ளி இயற்பியல் பாடத்தில் மின்னூட்டத்தைக் காட்ட நூலில் கட்டித் தொங்கவிடும் நெட்டிப் பந்தை, ஐரோப்பாவில் இந்த எல்டர் நெட்டியில்தான் செய்தார்கள்.) ஓடைக்கரை என்று எழுதியிருப்பதால் சொல்கிறேன்: நீர் ஹெம்லாக் என்ற கொடிய நச்சுச் செடியும் ஈரக் கரையில்தான் வளரும், அதற்கும் வெள்ளைப் பூங்கொத்து உண்டு. அதன் இலைகள் மாறி மாறி இருக்கும், தண்டு மரத்தன்மையின்றி உள்ளீடற்று இருக்கும். போக்வீட் என்ற செடியின் கறுப்புப் பழங்கள் ஒரே நீண்ட சரமாகத் தொங்கும்; அதுவும் நஞ்சு. ஐயம் இருந்தால், அந்த இடத்துச் செடிகளைத் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

எல்டர்தான் என்று உறுதியானால், மிச்ச வேலை எளிது. நான் படித்த காலத்தில் ஜெர்மன் விடுதியின் சமையலறையில் ஒரு செப்டம்பர் முழுவதும் இதைச் செய்திருக்கிறேன். கொத்துகளைக் கழுவி, ஓர் இரவு உறைபெட்டியில் வையுங்கள். காலையில் முள்கரண்டியால் சீவினால் பழங்கள் மணிமணியாக உதிர்ந்துவிடும், காம்பு தனியே நின்றுவிடும். பச்சைக் காய்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, பழத்தோடு சிறிது நீர் சேர்த்து, கொதி வந்த பின் இருபது நிமிடமாவது விடாமல் கொதிக்க விடுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டி, விதையையும் சக்கையையும் எறிந்துவிடுங்கள். ஜெர்மன் வீடுகளில் இதற்கென்றே மூன்று அடுக்குப் பாத்திரம் ஒன்று வைத்திருப்பார்கள். பார்ப்பதற்கு நம் இட்லிப் பாத்திரம் போலவே இருக்கும், அடியில் நீர், மேலே துளையிட்ட தட்டில் பழம், நடு அடுக்கில் ஆவியில் வெந்த சாறு இறங்கி ஒரு குழாய் வழியே வெளியே வரும். வெள்ளை உடை உடுத்திக்கொண்டு மட்டும் அருகில் போகாதீர்கள். அன்று என் வேட்டியில் விழுந்த ஒரு துளி, வேட்டி கிழியும் வரையில் போகவில்லை.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து மூன்று நாளாகிறது. மாமியார் எல்டர் பூ கார்டியலை வெந்நீரில் கலந்து கொடுத்தால் போதும் என்கிறார். இருமல் இல்லை. கொடுத்துப் பார்க்கலாமா?
வாசகி, லண்டன்

பதில்: இந்த இதழ் உங்கள் கையில் கிடைக்கும்போது அந்தக் காய்ச்சல் போயிருக்கும், இனி வரப்போவதற்காக எழுதுகிறேன். கார்டியல் என்பது பூவைச் சர்க்கரைப் பாகிலும் எலுமிச்சையிலும் ஊறவைத்து எடுக்கும் இனிப்புப் பானம். ஆறு வயதுப் பிள்ளை அதை நீர்க்கக் கலந்து குடிப்பதில் தவறில்லை, மருந்து என்று எண்ணிக் கொடுக்காதவரை. உலர்ந்த பூவில் போடும் கஷாயத்தை 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்றே ஐரோப்பிய முகமை கூறுகிறது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது இருமல் இல்லை என்ற வரி. மூக்கு ஒழுகி, இருமி, தொண்டையும் வலித்தால் அது பெரும்பாலும் வைரஸ். இருமலே இல்லாமல் காய்ச்சலும், டான்சிலில் வெள்ளைப் புள்ளிகளும், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறிகட்டும் சேர்ந்து வந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கக்கூடும். பள்ளிப் பிள்ளைகளிடம் இது அதிகம். தோலில் உப்புத்தாள் போலச் சொரசொரப்பான சிவந்த தடிப்பு கண்டால் அது ஸ்கார்லெட் காய்ச்சல். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இதே பாக்டீரியா பிரிட்டனில் வேகமாகப் பரவிக் குழந்தைகள் சிலர் இறந்ததை நீங்கள் அங்கே இருந்து பார்த்திருப்பீர்கள். நம் நாட்டில் பல பிள்ளைகளின் இதய வால்வைக் கெடுத்த ருமாட்டிக் காய்ச்சல், சிகிச்சை பெறாமல் விட்ட இந்தத் தொண்டை வலியிலிருந்துதான் தொடங்குகிறது. இதற்குப் பெனிசிலின் வகை மருந்துதான் வேண்டும். எல்டராலோ துளசியாலோ சித்தரத்தையாலோ ஆகாது. எச்சில் விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சு இழுத்தாலோ அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மாமியாரிடம் கார்டியலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து அதையும் கொடுக்கலாம். வீட்டில் ஒரு வயது நிறையாத கைக்குழந்தை இருந்தால் தேன் கலந்த எதையும் அதற்கு நாக்கில் தடவக்கூட வேண்டாம்.

கேள்வி: உலர்ந்த எல்டர் பூவை இணையத்தில் வாங்கினேன். எவ்வளவு போட்டு, எப்படிக் குடிப்பது?
வாசகர், சென்னை

பதில்: வளர்ந்தவர்களுக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 5 கிராம் வரை, நாளைக்கு மூன்று வேளை. இரண்டு தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 3 கிராம் வரும். கொதித்த 150 மில்லி நீரை அதன்மேல் ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டி, சூடாகக் குடிக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள், மணம் ஆவியோடு போய்விடும். தொண்டை கரகரப்புக்கு ஐரோப்பியக் கிராமங்களில் இதையே ஆறவிட்டுக் கொப்பளிக்கவும் செய்தார்கள். நீங்களும் பாதியைக் குடித்துவிட்டுப் பாதியில் கொப்பளிக்கலாம். ஒரு வாரத்தில் குறையவில்லை என்றாலோ, இடையில் காய்ச்சல் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள். கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் தவிர்த்துவிடுவது நல்லது.

பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டிப் பாருங்கள். நல்ல பூ, மங்கிய மஞ்சளாக, கடுகளவு சிறு நட்சத்திரங்களாக உதிர்ந்து கிடக்கும். முகர்ந்தால் தேனும் வைக்கோலும் கலந்தாற்போல் மணக்கும். பழுப்பேறி, குச்சியும் இலைத்தூளுமாக இருந்தால், காசு போனாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பிவிடுங்கள்.